இரட்டை சிம் கைபேசியில் செல் கைமாற்றம்

நகரும் கைபேசியின் இணைப்பை ஒரு செல்லிலிருந்து (ஒரு கோபுரத்தின் அலை எட்டும் பரப்பிலிருந்து) அடுத்த செல்லுக்கு அறுபடாமல் ஒப்படைப்பது கைமாற்றம். அக்கம்பக்கச் செல்களின் அலைவலிமையைக் கைபேசி அளந்து சொல்லும். எப்போது, எங்கே மாறுவது என்று வலையமைப்பு ஆணையிடும்.

இரட்டை சிம் கைபேசிகள் பெரும்பாலானவற்றில் இரு சிம்களுக்கும் பொதுவாக இருப்பது ஒரே வானொலிப் பகுதிதான். சிக்கலின் வேர் இதுவே. முதல் சிம்மில் தரவு ஓடும்போது, இரண்டாவதற்கு அழைப்பு வருகிறதா என்று கேட்க, அந்த வானொலிப் பகுதி சில கணங்கள் அலைவரிசை மாறிப் போகிறது. எல்டிஈ (4ஜி) வலையமைப்பில் 1.28 நொடிக்கு ஒருமுறை இப்படிப் போக நேரலாம். கைபேசி விலகியிருப்பது கோபுரத்துக்குத் தெரியாது. கைமாற்ற ஆணை அந்நேரம் வந்தால் தவறிப்போகும். வேகமாகச் செல்லும் ரயிலில் இணைப்பே அறுந்துவிடலாம்.

உற்பத்தியாளர்கள் இதைத் தத்தம் வழியில் சமாளித்துவந்தனர். உண்மையான முன்னேற்றம் 2022இல் நிறைவுற்ற 3ஜிபிபி தரநிலை அமைப்பின் 17ஆம் வெளியீடு: விலகும் இடைவெளியைக் கைபேசியே முன்கூட்டிக் கேட்டுப் பெறலாம், அழைப்பின் காரணத்தையும் வலையமைப்பு தெரிவிக்கலாம். அளவீடு நடக்கையில் விலகலைத் தள்ளிவைப்பது, இரு சிம்களும் ஒரே நிறுவனத்தினுடையவையாயின் அளவீட்டைப் பகிர்வது ஆகியவை கைபேசிக்குள்ளேயே செய்யக்கூடியவை. இரு தனி வானொலிப் பகுதிகள் கொண்ட கைபேசிகளில் இத்தொல்லை பெரிதும் குறைவு. ஆனால் விலையும் மின்கலச் செலவும் கூடும்.