கையொப்பத்தின் பொறுப்பு: கனடாவில் நிலவியலாளர் சங்கமும் 43-101 விதியும்

கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் பொறியாளர் சங்கம் 1922இல் சட்டத்தின்வழி நிறுவப்பெற்றது. 1937 முதல் அத்தொழில் புரிய உரிமம் கட்டாயமாயிற்று. நிலவியலாளர்க்கு இத்தகைய கட்டுப்பாடு அந்நூற்றாண்டின் இறுதிவரை அங்கு இல்லை. ஆயினும், அம்மாகாணத்தின் டொராண்டோ பங்குச் சந்தையில் சுரங்க நிறுவனங்கள் நிலவியலாளரின் மதிப்பீடுகளை முன்வைத்தே முதலீடு திரட்டின.

இம்மதிப்பீடுகளின் நம்பகத்தன்மையைப் பிரீ-எக்ஸ் மோசடி கேள்விக்குள்ளாக்கியது. இந்தோனேசியாவின் பூசாங்கில் பெரும் தங்கப்படிவு உள்ளதாக அறிவித்த அந்நிறுவனத்தின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 600 கோடி கனடிய டாலரை எட்டியது. துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளில் வேறிடத்துத் தங்கத் துகள்கள் கலக்கப்பட்டிருந்தமை 1997 மே மாதம் வெளியான தணிக்கை ஆய்வில் உறுதியாயிற்று. ஓய்வூதிய நிதியங்களும் இழப்புற்றன.

ஒண்டாரியோவில் நிலவியலாளர்க்கான தனிச்சட்டம் 2000இல் இயற்றப்பெற்று, அதன்வழிச் சங்கமும் தோன்றியது. 2001 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 43-101 விதியின்படி, கனிமவள அறிக்கைக்குத் 'தகுதியுடையவர்' ஒருவர் பெயரிட்டுப் பொறுப்பேற்றல் வேண்டும். அவர் குறைந்தது 5 ஆண்டுப் பட்டறிவும் தொழில்முறைச் சங்க உறுப்புரிமையும் உடையவராதல் வேண்டும். தவறிழைத்த உறுப்பினரை இடைநிறுத்தவும் நீக்கவும் அதிகாரமுடைய சங்கங்களையே அவ்விதி ஏற்றது.

இந்நிபந்தனையே சங்கத்தின் வரலாற்றுப் பங்கைத் தெளிவாக்குகிறது. பட்டம் முன்பு கற்றதற்குச் சான்று. உறுப்புரிமையோ தொழில்நெறி பிறழ்ந்தால் பறிபோகக்கூடியது. அவ்விழப்பின் அச்சம் ஒன்றே மோசடியை முற்றிலும் தடுத்துவிடாது. எனினும் அறிக்கைக்குப் பொறுப்பாளர் யார் என்னும் வினாவிற்கு அது ஒரு பெயரை விடையாக்கியது.