ஏரிக் காற்று யாருக்கு?

சிகாகோவின் கோடையைப் பற்றிக் கேட்டால் பலரும் ஏரிக் காற்றைத்தான் முதலில் சொல்வார்கள். மிச்சிகன் ஏரி கடல் மாதிரி விரிந்து கிடக்கிறது. ஊர் கொதிக்கும்போதும் கரையோரம் இதமாக இருக்கும். பனிக்குப் பேர்போன வடக்கத்தி நகரம், அங்கே ஏ.சி. எதற்கு என்றும் கேட்பார்கள். ஆனால் தோழர்களே, அந்த ஏரி எல்லோருக்கும் ஒரே ஏரியாக இருந்ததில்லை.

1919 ஜூலை 27, ஞாயிற்றுக்கிழமை. நல்ல வெயில். யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினச் சிறுவன் நண்பர்களோடு ஏரியில் தெப்பம் விட்டு மிதந்துகொண்டிருந்தான். 29ஆம் தெருக் கரை வெள்ளையருக்கு என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் அதுதான் வழக்கம். தெப்பம் அந்தப் பக்கம் நகர்ந்தது. ஒரு வெள்ளையர் கல்லெறிந்தார். யூஜின் மூழ்கி இறந்தான். கல்லெறிந்தவரைக் கைது செய்ய அங்கிருந்த போலீஸ்காரர் மறுத்தார். அடுத்து வெடித்த கலவரத்தில் 38 பேர் செத்தார்கள், அதில் 23 பேர் கறுப்பர்கள். 1927இல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஏன் தண்ணீர் அள்ளிக் குடித்தார் என்று தெரிந்த நமக்கு, எழுதாத கோடு என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏரிக்குப் போக முடியாதவர்களுக்குச் சினிமாக் கொட்டகை இருந்தது. 1917இல் வடக்கு லாண்டேல் பகுதியில் திறந்த சென்ட்ரல் பார்க் தியேட்டர், இயந்திரத்தால் குளிரூட்டப்பட்ட முதல் திரையரங்குகளில் ஒன்று. அப்போது அங்கே பெரும்பாலும் யூதக் குடும்பங்கள். 1950களில் தென் மாநிலக் கொடுமையிலிருந்து தப்பி வந்த கறுப்பர்கள் குடியேறினார்கள், வெள்ளையர்கள் வெளியேறினார்கள். கறுப்பர் வாழும் பகுதி என்றாலே வங்கிகள் வீட்டுக் கடன் தரவில்லை. இதை எதிர்த்துப் போராடத்தான் 1966இல் மார்ட்டின் லூதர் கிங் அதே வடக்கு லாண்டேலில் வாடகைக்குக் குடிவந்தார். பிறகு தொழிற்சாலைகளும் கடைகளும் மூடின. 1960இல் சுமார் 1,25,000 பேர் வாழ்ந்த இடத்தில் 1990இல் 50,000 பேர்கூட இல்லை.

1995 ஜூலையில் வெயில் வந்தது. 13ஆம் தேதி வெப்பம் 41 டிகிரி செல்சியஸ். அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறை நிரம்பி, உடல்களைக் குளிர்சாதன லாரிகளில் வைத்தார்கள். உயிரோடு இருந்தபோது கிடைக்காத ஏ.சி. அது. மேயரோ, பிணப் பரிசோதனை அதிகாரியின் கணக்கையே சந்தேகித்தார். செத்தவர்களில் பலர் தனியாக வாழ்ந்த முதியவர்கள். சிலரிடம் ஏ.சி. இல்லை, சிலர் மின்கட்டணத்துக்குப் பயந்தார்கள், சிலர் திருட்டுக்குப் பயந்து ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. வயதைக் கணக்கில் கொண்டால் கறுப்பர்களின் இறப்பு விகிதம் வெள்ளையர்களைப்போல் ஒன்றரை மடங்கு.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். வடக்கு லாண்டேலை ஒட்டியே தெற்கு லாண்டேல் இருக்கிறது. அங்கேயும் ஏழைகள்தான், பெரும்பாலும் மெக்சிகோ வழி வந்தவர்கள். ஆனால் வடக்கில் இறப்பு விகிதம் தெற்கைப்போல் பத்து மடங்கு. சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் இரண்டு பகுதிகளையும் நடந்து பார்த்து ஆராய்ந்தார். தெற்கில் தெரு நிறையக் கடைகள், நடமாட்டம். முதியவர்கள் பயமில்லாமல் வெளியே வந்து, குளிர்ந்த கடைக்குள் கொஞ்ச நேரம் நிற்க முடிந்தது. வடக்கில் காலி மனைகளும் பூட்டிய கடைகளும். "மெக்சிகோக்காரர்கள் பெரியவர்களைக் கவனிக்கிறார்கள், கறுப்பர்கள் கவனிப்பதில்லை" என்று பேச ஆள் வருவார்கள். நம்மைப் பற்றியும் இப்படிப் பேசுகிறவர்கள் உண்டே! தெருவைக் காலி செய்தது கறுப்பர்களின் பண்பாடு அல்ல. கடன் மறுத்த வங்கியும் மூடிப் போன முதலாளியும் கைவிட்ட நகராட்சியும்தான்.

உறவினர் யாரும் வாங்க வராத 41 பேரை ஆகஸ்டில் ஹோம்வுட்டில் ஒரே நீளக் குழியில் புதைத்தார்கள்.

2022 மே மாதம், சிகாகோவின் ஒரு முதியோர் குடியிருப்பில் மூன்று பெண்கள் வெக்கையில் இறந்தார்கள். வெளியே வெயில் அடிக்க, கட்டடத்தில் குளிர்கால வெப்பமூட்டி ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான், முதியோர் குடியிருப்புகளிலும் பெரிய கட்டடங்களிலும் குளிரூட்டிய பொது அறை இருக்க வேண்டும் என்று நகரமன்றம் விதி கொண்டுவந்தது. ஏரிக்கரையில் யூஜின் செத்து 103 ஆண்டுகள் ஆகியிருந்தன.