ஒரு பியானோ வாத்தியார்

வீடு வீடாகப் போய்ச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தியோடர் பிரஸ்ஸரின் ஞாபகம் வரும். அமெரிக்கர், பியானோ வாத்தியார். 1876-ல் ஒஹையோ ராஜ்யத்து டெலவேர் என்ற ஊரில், 62 சகாக்களைச் சேர்த்துக்கொண்டு சங்கீத ஆசிரியர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் கண்டார். நல்ல காரியந்தான். ஆனால் சங்கம் என்றைக்கோ கூடும். கிராமத்து ஆசிரியைக்குச் சந்தேகம் தினந்தோறும் வருமே!

1883-ல் வர்ஜீனியாவில், லிஞ்ச்பர்க் நகரிலிருந்து, 'எட்யூட்' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். எட்யூட் என்றால் பயிற்சிப் பாடம். நம் சரளி வரிசைக்குத் தூரத்து உறவு. மறு வருஷமே பத்திரிகை பிலடெல்பியாவுக்குக் குடிபெயர்ந்தது. கற்பிக்கும் முறை பற்றிய கட்டுரைகளோடு, வாசிக்க இசைத்தாள்களும் அதிலேயே இருக்கும். இசைக் கடையே இல்லாத ஊர்க்காரிக்கு அது எத்தனை பெரிய ஒத்தாசை! பிரஸ்ஸர் இசைத்தாள் அச்சிட்டு விற்பவருங்கூட. ஆகவே வியாபாரமும் உண்டு. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

என் மனத்தைத் தொட்டது வேறொன்று. தனியாகப் பாடம் சொல்கிறவருக்குப் பென்ஷன் ஏது? விரல் நடுங்கினால் வரும்படி நின்றது. 1906-ல் பிலடெல்பியாவில், வயோதிகச் சங்கீத ஆசிரியர்களுக்கென்றே ஓர் இல்லம் ஏற்படுத்தினார் அவர்.

1925-ல் பிரஸ்ஸர் காலமானார். பத்திரிகை 1957-ல் நின்றது. டெலவேரில் கண்ட சங்கம் இன்றும் நடக்கிறது.