எல்லையும் கல்வித்தகுதியும்: ஹனூர் வழியே ஒரு வரலாற்று நோக்கு

கொள்ளேகாலிலிருந்து மலை மகாதேசுவரர் மலைக்குச் செல்லும் வழியில் அமைந்த ஊர் ஹனூர். கன்னடமும் தமிழும் அருகருகே வழங்கும் இப்பகுதி, 1799-இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பின் ஆங்கிலேயர் ஆட்சிக்குள் வந்தது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் கொள்ளேகால் வட்டத்தைச் சேர்ந்ததாய்ச் சென்னை மாகாணத்தில் நெடுங்காலம் இருந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழியாகச் சீரமைக்கப்பட்டபோது அவ்வட்டம் மைசூர் மாநிலத்துடன் இணைக்கப்பட்டது. ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. அங்குப் பயின்றோரின் சான்றிதழுக்குப் பொறுப்பான அரசு மாறியது. ஓரிடத்துக் கல்வியைப் பிறிதோரிடம் எதனைக் கொண்டு அளந்து ஏற்கிறது என்பது பன்னாட்டு மாணவர் பரிமாற்றத்தில் இன்று பெரிதும் ஆராயப்படும் சிக்கலாகும். அதன் பழைய வடிவங்களைத் தமிழ் வழங்கும் நிலங்களின் வரலாற்றிலேயே காணலாம்.

வட்டுக்கோட்டையும் சென்னையும்

யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் நடத்திய செமினரி 1823 முதல் 1855 வரை இயங்கியது. தமிழ், ஆங்கிலம், கணிதம், வானியல் முதலியன அங்குக் கற்பிக்கப்பட்டன. கல்வியின் தரம் உயர்ந்ததாயினும், பட்டம் வழங்கும் உரிமை அந்நிறுவனத்திற்கு இல்லை. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளாயினோர் வட்டுக்கோட்டைக் கல்வி மரபில் வந்த இருவர். ஒருவர், பின்னாளில் பதிப்பாசிரியராகப் புகழ்பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளை, மற்றவர் கறோல் விசுவநாத பிள்ளை.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கடல் கடந்து வந்த இவ்விருவரும் முன்னர் எங்கே, எத்தனை ஆண்டு பயின்றனர் என்பது பட்டத்திற்குத் தடையாக அமையவில்லை. தேர்வில் காட்டிய அறிவே அளவுகோலாயிற்று. தேர்வு நடத்துவதையே முதற்பணியாகக் கொண்டு, இலண்டன் பல்கலைக்கழக மாதிரியில் அமைந்த நிறுவனத்தில் இது இயல்பே. இவ்வேற்புமுறையை அக்காலத்துப் பெருந்தன்மை என்று மட்டும் கொள்வது பொருந்தாது. பழைய கல்வியின் எப்பகுதியும் தனியே கணக்கில் கொள்ளப்படவில்லை. முழுமையும் மீண்டும் தேர்வின் வழியே மெய்ப்பிக்கப்பட வேண்டியிருந்தது.

ஆட்சி எல்லை

1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் நில எல்லை வகுக்கும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. இதன்பின் கல்வி ஏற்பில் நிலப்பரப்பின் செல்வாக்கு மிகுந்தது. மைசூர் மகாராஜா கல்லூரி அதுவரை சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. 1916 ஜூலை 27-இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குப் புறத்தே, சுதேச சமஸ்தானம் ஒன்றில் எழுந்த முதற் பல்கலைக்கழகம் அதுவே. எச். வி. நஞ்சுண்டய்யா அதன் முதல் துணைவேந்தர்.

ஹனூர்ப் பகுதிக்கு இதன் பொருள் தெளிவானது. மைசூர் நகரம் அண்மையில் உள்ளது; தன் மாவட்டத் தலைநகரான கோயம்புத்தூருக்கோ திம்பம் மலைப்பாதையைக் கடந்து செல்ல வேண்டும். எனினும் 1916-க்குப் பின் அண்மை நகரில் பயிலச் சென்றவர் வேறோர் அரசின், வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவராயினார். பெயரளவில் அது வெளிநாடன்று. கல்வி ஆட்சி முறையில் ஏறத்தாழ அதுவே.

இத்தகைய இடைவெளிகளை நிரப்பவே 1924-இல் சிம்லாவில் கூடிய பல்கலைக்கழக மாநாட்டின் விளைவாக, 1925-இல் பல்கலைக்கழகங்களிடை வாரியம் உருவாயிற்று. பட்டங்களை ஒன்றுக்கொன்று ஏற்றலும், இந்தியப் பட்டங்களுக்குப் பிறநாடுகளில் ஏற்புப் பெறுதலும் அதன் நோக்கங்களுள் அடங்கின. இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதன் வழிவந்ததே. தமிழ்நாட்டில் 1978 முதல் மேல்நிலைப் படிப்பு என்றும், கர்நாடகத்தில் பி.யூ.சி. என்றும் வழங்கும் கல்வி எல்லையின் இருபுறமும் செல்லுபடியாவது, நிறுவனங்கள் ஒன்றையொன்று ஏற்பதால் விளைந்த பயனாகும்.

மதிப்புப்புள்ளியும் கற்றல் நேரமும்

முழுப் பட்டத்தை ஏற்பதைக் காட்டிலும் அதன் ஒரு கூற்றை ஏற்பது கடினம். ஓர் அரையாண்டு மட்டும் அயல்நாட்டில் பயின்று திரும்பும் மாணவரிடம் பட்டம் இல்லை. சில பாடங்களின் பதிவே உண்டு. ஐரோப்பாவில் 1987-இல் எராஸ்மஸ் திட்டம் தொடங்கி, ஈராண்டில் மதிப்புப்புள்ளி மாற்றுமுறை சோதனையாகப் புகுத்தப்பட்டதன் காரணம் இதுவே. அம்முறையில் ஓர் ஆண்டின் முழுநேரக் கல்வி 60 புள்ளிகள். ஒரு புள்ளிக்குக் கற்றல் நேரம் 25 முதல் 30 மணி. மாணவர் புறப்படுமுன் அவரும் இரு நிறுவனங்களும் கையொப்பமிடும் கற்றல் உடன்படிக்கையும் அங்கு நடைமுறையாயிற்று. திரும்பிய பின் எழும் பூசல்களுள் பல இதனால் முன்னரே தவிர்க்கப்படுகின்றன.

இந்தியாவில் 2021-இல் கல்விசார் மதிப்புப்புள்ளி வங்கிக்கான விதிகள் வெளியாயின. 2023-இன் தேசிய மதிப்புப்புள்ளிக் கட்டமைப்பு ஓர் ஆண்டுக்கு 40 புள்ளிகளையும், புள்ளி ஒன்றுக்கு 30 மணி நேரத்தையும் வகுத்தது. ஐரோப்பிய முறையோடு இதனை ஒப்பிடும்போது இரு விடைகள் கிடைக்கின்றன. ஆண்டை அளவாகக் கொள்ளின் இந்தியப் புள்ளி ஒன்று ஐரோப்பியப் புள்ளி ஒன்றரைக்குச் சமம். கற்றல் நேரத்தை அளவாகக் கொள்ளின் அது 1 முதல் 1.2 வரையே.

கணக்கு நுட்பம் என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி, கூட்டுப் பட்டம் பெறுபவர் இரு நிறுவனங்களில் ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 விழுக்காடு புள்ளிகளை ஈட்ட வேண்டும். 120 புள்ளிகள் கொண்ட மூன்றாண்டுப் பட்டத்தில் இது 36 ஆகும். அதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஈட்டும் மாணவர், ஆண்டுவழி மாற்றின்படி 54 புள்ளிகளுக்குப் பயில வேண்டும். நேரவழி மாற்றின்படி 36 முதல் 43.2 வரை போதும். வேறுபாடு 18 புள்ளிகள் வரை செல்கிறது. அங்குள்ள அரையாண்டுக் கல்விச் சுமையில் அது ஐந்தில் மூன்று பங்கு.