வேங்கை ரத்தமும் உறைந்துபோன டிங்ச்சரும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே, பொறுத்துக்கோங்க.

எங்க அப்பத்தா வீட்டு மாடத்துல ஒரு கொட்டாங்குச்சி இருக்கும். அடியில் கறுப்பா, பளபளன்னு ஏதோ உறைஞ்சு கிடக்கும். ரெண்டு சொட்டு தண்ணி விட்டுத் தேய்ச்சு, தம்பி கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வைப்பாங்க. "வேங்கைப் பாலுடா, தொடாதே"ன்னு எனக்கு ஒரு அதட்டல் வேற! பால்னு பேருதான். வேங்கைப் பட்டையைக் கீறினால் வடிவது ரத்தச் சிவப்புச் சாறு. உதிரவேங்கை என்றே அந்த மரத்துக்கு ஒரு பெயர் உண்டு.

இந்தப் பிசினுக்கு ஒரு காலத்தில் லண்டன் மருந்துக்கடைகளில் நல்ல மவுசு. அங்கே பெயர் 'கினோ'. 1757-ல் ஜான் ஃபாதர்கில் என்ற மருத்துவர் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்தது ஆப்பிரிக்காவின் காம்பியா பக்கத்துப் பிசினை. அந்த மரம் நம்ம வேங்கைக்கு ஒன்றுவிட்ட தம்பி. பின்னால் மலபார் வேங்கை அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வயிற்றுப்போக்குக்குக் குடிக்க, தொண்டைக்குக் கொப்பளிக்க என்று பயன்பட்டது. எல்லாம் துவர்ப்பு செய்யும் வேலை. பிசினில் 70 முதல் 80 சதவீதம் டானின்தான். அந்தக் காலத்தில் அரசுக் காடுகளில் வேங்கையைக் கீறக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, மரத்துக்குச் சேதம் வரக்கூடாது என்று நிபந்தனையும் இருந்தது.

ஆனால் மருந்துக்கடைக்காரருக்கு ஒரு தீராத தலைவலி. ஆல்கஹாலில் கரைத்து வைத்த கினோ டிங்ச்சர், கொஞ்ச நாளில் பாட்டிலுக்குள்ளேயே ஜெல்லியாக உறைந்துவிடும். துவர்ப்பும் போயிடும். கிளிசரின் சேர்த்துப் பார்த்தார்கள். உறைவது தள்ளிப்போனதே தவிர, நின்றபாடில்லை.

விடை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. குற்றவாளி, சாற்றிலேயே இருக்கும் ஒரு நொதி. நறுக்கி வைத்த வாழைக்காய் கறுத்துப்போகுதே, அந்த ஜாதி. வெறும் வெயிலில் காயவைத்தால் தண்ணீர்தான் போகும்; நொதி சாகாது, தூங்கும். மறுபடி ஈரம் பட்டதும் முழிச்சுக்கிட்டு டானினைக் கரையாத பொருளாக மாற்ற ஆரம்பிக்கும். வைத்தியம் ரொம்ப எளிமை: வடிந்த சாற்றை முதலில் கொதிக்கவைத்து, அப்புறம் காயவைக்கணும். அவ்வளவுதான்!

ஆக, கோளாறு லண்டன் பாட்டிலில் இல்லை. பல ஆயிரம் மைல் தள்ளி, காட்டுக்குள்ளே, சாறு வடிந்த அன்றைக்கே நடந்து முடிந்த விஷயம். மருந்தின் தரத்தை முடிவு செய்தது, அடுப்பு மூட்டிய அல்லது மூட்டாமல் விட்ட ஒரு காட்டு மனிதர். ஃபாதர்கில் பெயர் நமக்குத் தெரியும். நான் படித்த எதிலும் அந்த மனிதரின் பெயர் இல்லை.

வேங்கை இன்றைக்கு ஐ.யு.சி.என். பட்டியலில் அச்சுறு நிலையை நெருங்கும் மரம். அப்பத்தாவும் இல்லை, வீட்டை இடிச்சப்போ கொட்டாங்குச்சியும் போச்சு. அவங்க அதை வெயிலில் காயவைச்சாங்களா, அடுப்பில் காய்ச்சினாங்களா? அன்னிக்குக் கேட்கத் தோணலை.

உங்க வீட்டுல பெரியவங்க இருந்தா, இன்னைக்கே கேட்டு எழுதி வெச்சுடுங்க.