முடியுமா?

பக்கவாதம் வந்தவரின் மீட்சியை எப்படி அளப்பது? 1965இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் இதற்கு ஒரு விடை வந்தது. ஃபுளோரன்ஸ் மஹோனி என்ற மருத்துவரும் டோரத்தியா பார்தெல் என்ற பிசியோதெரபிஸ்ட்டும் பத்து அன்றாடச் செயல்களைப் பட்டியலிட்டார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடுத்துவது, படியேறுவது என்று போகும் பட்டியல். மொத்தம் 100 புள்ளி. ‘பார்தெல் அளவுகோல்’ இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால், 100 வாங்கியவர் தனியாக வாழ்ந்துவிடுவார் என்று அர்த்தமில்லை என அவர்களே எச்சரித்திருந்தார்கள். சமைப்பதும் வீட்டைக் கவனிப்பதும் நாலு பேரை எதிர்கொள்வதும் அந்தக் கணக்கில் சேரவில்லை.

என் பார்வையில் அந்த எச்சரிக்கையில்தான் இன்னொரு வரலாறு தொடங்குகிறது. புள்ளி போடுபவர் பக்கத்தில் இருந்து கவனிப்பவர். படுக்கையில் இருப்பவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கு அதில் கட்டமே கிடையாது.

அந்தக் கட்டத்தைப் பாம்புக்குப் பயந்தவர்கள் கொண்டுவந்தார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பண்டுரா அவர்களுக்குப் படிப்படியான வேலைகளை வைத்தார்: பாம்பை நெருங்குவது, தொடுவது, மடியில் ஊரவிடுவது. ஒவ்வொன்றையும் செய்ய முடியும் என்பதில் எவ்வளவு உறுதி என்று முன்கூட்டியே எண்ணால் சொல்லச் சொன்னார். சொன்னதும் செய்ததும் பெரும்பாலும் ஒத்துப்போயின. 1977இல் அவர் அதைக் கோட்பாடாக எழுதினார். நம்ம ஆட்கள் பொதுவாகச் சொல்லும் தன்னம்பிக்கை இல்லை இது. ‘இந்த வேலையை என்னால் செய்ய முடியும்’ என்ற குறிப்பான நம்பிக்கை. தன்திறன் நம்பிக்கை எனலாம். தானே செய்து பார்ப்பது, தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், உடல் காட்டும் அறிகுறி என அது நான்கு வழிகளில் வளரும். முதல் வழிதான் மிக வலியது என்றார் பண்டுரா.

2008இல் இங்கிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ஃபியோனா ஜோன்ஸும் உடனிருந்த ஆய்வாளர்களும் பக்கவாதத்துக்கென்றே 13 கேள்விகள் கொண்ட தாளை வெளியிட்டார்கள். படுக்கையில் வசதியாகப் படுப்பது, வீட்டுக்குள் நடப்பது, இரண்டு கையாலும் சாப்பிடுவது, எரிச்சலைச் சமாளிப்பது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை நோயாளியே எண் கொடுக்க வேண்டும். பேச்சும் சொல்லும் பறிபோனவர்களிடம் இந்தத் தாள் தடுமாறும். தமிழில் கேட்டாலும் சிக்கல் உண்டு. “உங்களால சமைக்க முடியுமா?” என்றால், “எதுக்கு? அதான் மருமக இருக்காளே” என்று பதில் வரும். அதற்கு எத்தனை போடுவது?

எனக்குள்ள கவலை வேறு. எண் குறைவாக வந்தால் பழி நோயாளி மேல் விழுகிறது. “மனசு வச்சா நடக்கலாம்ல?” என்கிறோம். பண்டுராவை ஒழுங்காகப் படித்தால் விஷயம் தலைகீழ். வெறும் ஊக்கச் சொல்லுக்குப் பலம் குறைவு. தானே கலக்கிய ஒரு கப் தேத்தண்ணிக்குப் பலம் அதிகம். பாசத்தில் நாம் ஊட்டிவிடும் ஒவ்வொரு வாயும் அவர் செய்து பார்த்திருக்கக்கூடிய ஒரு வேலை. அதற்காக அவரைத் தனியே விட்டுவிடச் சொல்லவில்லை. திறனை மிஞ்சிய நம்பிக்கை கீழே விழவும் வைக்கும்.

ஆகவே அந்தத் தாளில் 2 என்று வந்தால் அதை அவருடைய மதிப்பெண்ணாக மட்டும் நான் வாசிப்பதில்லை. அவர் கையில் நாம் எந்த வேலையை விட்டுவைத்தோம் என்ற கேள்வியும் அதில் இருக்கிறது.