வன்முறைக்கு ஆளானவர்களின் மனம்: ஆய்வுகள் சொல்வது என்ன?

கத்திக்குத்து, வழிப்பறி, பாலியல் வன்கொடுமை போன்ற குற்றங்களில் உடற்காயத்தை மருத்துவர் குறித்துக்கொள்கிறார், காவல்துறை வழக்குப் பதிகிறது. மனக்காயத்தை முறையாக ஆராயத் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

1972-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவமனையில் செவிலியர் துறைப் பேராசிரியர் ஆன் பர்ஜஸும் சமூகவியலாளர் லிண்டா ஹோம்ஸ்ட்ரோமும் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர் அவசரப் பிரிவுக்கு வந்தால் இவர்களுக்குத் தகவல் போகும். நள்ளிரவானாலும் புறப்பட்டு வந்துவிடுவார்கள். ஓராண்டில் 146 பேரைச் சந்தித்து, பிறகும் தொடர்பில் இருந்தார்கள்.

1974-ல் வெளியான முடிவுகளில் ஒன்றை நம் குடும்பங்கள் அவசியம் அறிய வேண்டும். வந்தவர்களில் ஒரு சாரார் அழுதார்கள், நடுங்கினார்கள். ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் மற்றொரு சாரார் எதுவுமே நடக்காததுபோல அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டுமே அதிர்ச்சியின் வடிவங்கள்தாம். "அவள் அழக்கூட இல்லையே" என்று சந்தேகப்படுபவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள், விசாரிக்கும் பொறுப்பில் இருப்பவர்கள் உட்பட. அந்தப் பெண்கள் முதலில் சொன்ன உணர்வும் அவமானம் அல்ல, உயிர் போய்விடும் என்ற பயம். பிறகு தூக்கம் கெட்டது, கெட்ட கனவுகள் வந்தன. சிலர் வீட்டையும் தொலைபேசி எண்ணையும்கூட மாற்றிக்கொண்டார்கள்.

1980-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இத்தகைய பாதிப்பை 'பிடிஎஸ்டி' என்ற பெயரில் நோயாக ஏற்றது. 1992-ல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், வன்கொடுமைக்கு ஆளான பெண்களில் 94 விழுக்காட்டினருக்கு ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அந்த அறிகுறிகள் இருந்தன. மூன்று மாதத்தில் அது 47 விழுக்காடாகக் குறைந்தது. பாதிப்பேர் தேறுகிறார்கள், பாதிப்பேருக்கு மருத்துவ உதவி வேண்டியிருக்கிறது.

யார் தேறுவதில்லை? இங்கிலாந்தில் வன்குற்றத்துக்கு ஆளான 157 பேரை, ஆண் பெண் இருபாலாரையும், ஒரு மாதத்துக்குள்ளும் ஆறு மாதம் கழித்தும் பேட்டி கண்டார்கள். ஆறு மாதத்துக்குப் பின்னும் நோய் நீடித்ததோடு தனித்துத் தொடர்புபட்டிருந்தது வெட்க உணர்வு. "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும், வாயை மூடு" என்று வீட்டிலோ ஜமாஅத்திலோ சொல்லும்போது அந்த வெட்கத்தைத்தான் கூட்டுகிறோம் என்று நாம் அஞ்சுகிறோம். அதே ஆய்வுக்குழு ஒரே ஒருமுறை உட்காரவைத்து நடந்ததை எல்லாம் பேசவைத்தும் பார்த்தது, அதனால் பலன் கிடைக்கவில்லை. எனவே, "சொல், சொல்" என்று துருவிக் கேட்பதும் மருந்தல்ல.

ஒரு மாதம் கடந்தும் தூக்கமின்மை, திடுக்கிடல், வெளியே செல்ல அச்சம் நீடித்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 'டெலி மானஸ்' சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பாதிக்கப்பட்டவர் இழப்பீட்டுக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம். குற்றவாளி யாரென்று தெரியாத வழக்குகளிலும் இதற்கு இடமுண்டு.